அஸ்கர் அலிக்கு எத்தனை ஆட்டத் தடை?

அத்தியாயம் – 11

வெள்ளிக்கிழமை காலை நஸீஹா கண் விழித்தபோது சமையலறையில் பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. மாமியார் சித்தி மரியம் ஹாலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். மகள் ஆமிரா போர்வைக்குள் இருந்தாள். துபாய் அல் குசைஸ் ஃபிளாட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

அஸ்கர் அலி பாத்திரம் கழுவுகிறான் என்றால் விஷயம் பெரியது. ஒரு முறை அவளுடைய காரைப் பார்க்கிங் தூணில் இடித்துவிட்டு வந்து கழுவினான். இன்னொரு முறை, உம்மாவுக்கு மூன்று மாத விசிட் விசா எடுத்துவிட்டு, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கழுவினான்.

இன்றைக்கு என்ன காரணம் என்பது நமக்கே தெரியும். நேற்று மாலை அல் கூஸ் ரிங்கில் நடந்த ஐஸ் ஹாக்கி அரையிறுதியை நாமும் பார்த்தோம். அஸ்கர் அலி கையுறைகளைக் கழற்றிப் பனித்தரையில் போட்டான். எதிரணித் தியாகுவின் தாடையில் ஒரு குத்து விட்டான். நடுவர் அவனை வெளியேற்றினார். கேப்டன் இல்லாமலேயே அவனுடைய அணி ஜெயித்து, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதில் அவன் ஆடலாமா கூடாதா என்று தீர்மானிக்க இன்று நாலு மணிக்கு விசாரணை. விசாரிக்கப்போவது லீகின் பொதுச்செயலாளர்.

பொதுச்செயலாளர் பல் தேய்த்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தாள்.

"டீ போட்டு வெச்சிருக்கேன் நஸீ. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கேன்."

"பாத்திரம் கழுவினது விசாரணையில சேராது."

"நான் செக்ரட்டரிகிட்ட பேசல. பொண்டாட்டிகிட்ட பேசுறேன்."

"பொண்டாட்டி இன்னைக்கு லீவு. சாயங்காலம் டியூட்டிக்கு வருவா, அப்ப பேசுங்க."

அஸ்கர் அலி குழாயை மூடினான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாடிக்கையாளரிடம் பேரம் படியாதபோது வரும் முகம் அவனுக்கு வந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். அவன் உன்னைப் பத்திப் பேசினான். அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

டீ டம்ளர் நஸீஹாவின் கையில் நின்றது. "என்னைப் பத்தியா? என்ன பேசினான்?"

"கேக்காதேன்னு சொன்னேன்ல. வாயால சொல்ற மாதிரி இல்ல."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொல்லாமல் விட்ட அந்த ஒன்று, அன்று பகல் முழுவதும் அவள் காலைச் சுற்றியது.

தியாகுவை அவளுக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பையன், டொராண்டோவில் வளர்ந்தவன். அபுதாபியில் வேலை. பார்க்கும்போதெல்லாம் "அக்கா, அக்கா" என்பான். அவனா தப்பாகப் பேசினான்?

நஸீஹாவைப் பற்றித் தப்பாகப் பேசியவர்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். துபாய்ப் பள்ளிக்கூடத்துப் பிக்னிக்கில் முதல்முதலாகப் பனித்தரையைப் பார்த்தவள், இரண்டே வருஷத்தில் கோல் வலைக்கு முன்னால் நின்றாள். முக்காட்டின் மேல் ஹெல்மெட், காலில் தலையணை மாதிரி இரண்டு தடுப்புப் பட்டைகள். கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று தோட்டா மாதிரி பறந்து வரும். அதை நெஞ்சால் தடுப்பதுதான் தொழில். "பொம்பளைப் புள்ளைக்கு இது தேவையா?" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. வாப்பா ஒருவர்தான் கேட்கவில்லை. அவருக்கு அது என்ன விளையாட்டு என்று கடைசி வரை புரியவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகி காயல்பட்டினத்திலிருந்து துபாய் வந்த அஸ்கர் அலிக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். முதல் மாதம் அவன் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டே ரிங்கைச் சுற்றி வந்தான். இரண்டாவது மாதம் சுவரை விட்டான். அப்புறம் ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்தவன், இன்று வரை கீழே வைக்கவில்லை.

அவளுடைய முழங்கால் ஒரு ஆட்டத்தில் திரும்பிக்கொண்டது. ஆபரேஷன், வீட்டிருப்பு. ஆட முடியாதவள் அட்டவணையாவது போடட்டும் என்று லீக்காரர்கள் கேட்டார்கள். அட்டவணை போட்டாள். நடுவர்களைத் தேடிப் பிடித்தாள். மால்காரர்களோடு சண்டை போட்டு ரிங்கில் நேரம் வாங்கினாள். விதிகளை எழுதினாள். நாலு அணி இருந்த அமெச்சூர் லீகில் இப்போது ஒன்பது அணி. ஆணும் பெண்ணும் கலந்தே ஆடுகிறார்கள். மஸ்கட்டிலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும்கூட வருகிறார்கள்.

ஜும்ஆவுக்கு அஸ்கர் அலி பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் வீடு முழுக்க நெய் வாசனை வந்தது. நஸீஹா எட்டிப் பார்த்தாள். நெய்ச்சோறு, களறிக்கறி, கத்திரிக்காய் மாங்காய். ஊரில் கல்யாண வீட்டில் மட்டும் கிடைக்கிற சாப்பாடு.

"என்ன மாமி, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"விசேஷம் என்ன விசேஷம். வெள்ளிக்கிழமை. குந்து, சோறு வைக்கிறேன்."

"நான் விசாரணை முடிஞ்சு வந்து சாப்பிடுறேன்."

சித்தி மரியம் கரண்டியை வைத்தார். "சோறு லஞ்சமா புள்ள?"

"மத்த நாள்ல இல்ல மாமி. இன்னைக்கு லஞ்சம்தான்."

மாமியார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பது. அந்தக் கணக்குப்படி அல் குசைஸ் ஃபிளாட்டும் மருமகள் வீடுதான், தான் விருந்தாளிதான் என்பது மாமியின் எண்ணம். விருந்தாளி வீட்டுக்காரியிடம் ரொம்பப் பேசக் கூடாது.

"ஊர்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு புள்ள," என்றார் மெதுவாக. "காலையிலருந்து எந்தங்கச்சி நாலு வாட்டி போன் பண்ணிட்டா. மாப்பிளையப் பொண்டாட்டியே நிக்க வெச்சு விசாரிக்கிறாளாமே, அது என்ன ஊருன்னு கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிக்னல் இல்லன்னு சொல்லி வெச்சிட்டேன்."

லீகின் ஆபீஸ் அல் கூஸில் ஒரு டயர் கடைக்கு மேல் இருக்கிறது. நடுவில் ஒரு மேசை, சுற்றி எட்டு நாற்காலி, மூலையில் உடைந்த ஹாக்கி மட்டைகள் ஒரு கட்டு.

நஸீஹா போனபோது விசாரணைக் குழுவின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். துணைத் தலைவர் ரவிசங்கர், கோயம்புத்தூர்க்காரர், ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். பக்கத்தில் ஹெலேனா, ஃபின்லாந்துக்காரி, பள்ளிக்கூட ஆசிரியை, முன்னாள் நடுவர். ஹெலேனாவுக்குத் தமிழ் தெரியாது. சிரிக்கவும் தெரியாது என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள்.

"நான் விலகிக்கிறேன்," என்றாள் நஸீஹா உட்கார்ந்ததும். "வீட்டுக்காரர் விஷயம். நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க. உங்களுக்குள்ள ஒத்துப் போகலன்னா மட்டும் நான்."

"மேடம், அப்படிச் சொல்லாதீங்க," என்றார் ரவிசங்கர். "என் வண்டிக்கு ரேடியேட்டர் அவர்தான் ஆர்டர் பண்ணியிருக்கார். இன்னும் வரலைங்க."

தியாகு வந்தான். தாடையின் ஒரு பக்கம் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அப்போதும் "வணக்கம் அக்கா" என்றான். அவனுக்குப் பின்னால் அஸ்கர் அலி வந்தான், வெள்ளைச் சட்டையில், தலைமுடியை ஒட்டச் சீவிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி. அவனுக்கும் பின்னால், கறுப்பு அபாயாவும் அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டருமாக, சித்தி மரியம் வந்தார்.

நஸீஹா அஸ்கர் அலியைப் பார்த்தாள்.

"பார்வையாளர்ல ஒருத்தரைச் சாட்சியாக் கூட்டி வரலாம்னு நீ எழுதின விதியிலயே இருக்கு," என்றான் அஸ்கர் அலி. "நேத்து உம்மா முதல் வரிசையில இருந்தாங்க. எல்லாத்தையும் பார்த்தாங்க."

ரவிசங்கர் ஒவ்வொன்றையும் ஹெலேனாவுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சி யார் என்று கேட்ட ஹெலேனா, நெற்றியைச் சுருக்கினாள். விதியில் தடை இல்லை என்பதால் தலையசைத்தாள்.

"நீங்க பார்த்ததைச் சொல்லுங்கம்மா," என்றார் ரவிசங்கர்.

சித்தி மரியம் முக்காட்டைச் சரிசெய்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகனை ஒரு தடவை பார்த்தார், மருமகளைப் பார்க்கவில்லை.

"அந்தக் கறுப்பு வட்டை நடுவர் கீழ போடுறதுக்கு ரெண்டு பேரும் எதிரெதிரா குனிஞ்சு நின்னாங்க. இந்தத் தம்பி என்னமோ சொல்லிச்சு. சொல்லிட்டுச் சிரிச்சிச்சு. நல்ல சிரிப்புத்தான், கெட்ட சிரிப்பு இல்ல. எம்மவன் கையில மாட்டி ஈந்த உறையக் கழட்டிக் கீழ போட்டான். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சின்னதுல சட்டையக் கழட்டிப் போட்டுட்டுத்தான் சண்டைக்குப் போவான்."

"உம்மா," என்றான் அஸ்கர் அலி.

"இரு. பெறவு குத்தினான். இந்தத் தம்பி விழுந்திச்சு. திருப்பி அடிக்கல. விழுந்த இடத்துலருந்தே 'சாரி'ன்னு சொல்லிச்சு. அடி வாங்குனவன் சாரி சொல்லுறத நான் நேத்துத்தான் முதல்ல பார்த்தேன்."

"உம்மா, நான் உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்?"

"பார்த்ததச் சொல்லத்தானே. அதத்தான் சொல்லுறேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொய்யா சொல்லச் சொல்லுறே?"

ரவிசங்கர் மொழிபெயர்த்து முடித்தபோது ஹெலேனா சித்தி மரியத்தைப் புதிதாகப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

நஸீஹா தியாகு பக்கம் திரும்பினாள். "தியாகு. அவர்கிட்ட என்ன சொன்னீங்க? என்னைப் பத்தின்னு சொல்றார். பரவாயில்ல, அப்படியே சொல்லுங்க."

தியாகு அஸ்கர் அலியைப் பார்த்தான். அஸ்கர் அலி மூலையில் கிடந்த உடைந்த மட்டைகளை எண்ணுவது போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் கெட்டதா ஒண்டும் சொல்லேல்லை. சின்னனிலை அப்பாவைப் பாக்க அபுதாபிக்கு வந்த நேரம், நீங்கள் கோலுக்கை நிண்டதைப் பாத்தனான். அண்டைக்கு ஒரு வட்டும் உள்ளுக்குப் போகேல்லை. நேற்று அதை நினைச்சுத்தான் சொன்னனான்."

"என்னன்னு?"

"'அண்ணை, உங்கட வீட்டிலை உண்மையான விளையாட்டுக்காரர் நீங்கள் இல்லை, அக்காதான்' எண்டு."

ரவிசங்கர் ஹெலேனாவின் காதில் மெல்லச் சொன்னார். ஹெலேனாவின் வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியது. சிரிக்கத் தெரியாது என்று சொன்னவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

நஸீஹா தலையைக் குனிந்துகொண்டாள். பகல் முழுவதும் என்னென்னவோ நினைத்திருந்தாள். கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாக ஓட்டிப் பார்த்திருந்தாள். இது வரிசையில் இல்லை. நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம், சிரித்தால் விசாரணை போய்விடும் என்று மேசையையே பார்த்தாள்.

"அஸ்கர் பாய்," என்றார் ரவிசங்கர், கணக்குப் பார்க்கிறவர் குரலில். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அவர் சொன்னது உண்மைங்களா?"

"எது?"

"மேடம் உங்களைவிட நல்லா ஆடினவங்கன்னு."

அஸ்கர் அலிக்குக் காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"பொய்யா இருந்தா நான் ஏன் அடிக்கிறேன்?" என்றான். "பொய்யின்னா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நாப்பத்தொரு வயசுல, ரெண்டு முட்டியிலும் தைலம் தேய்ச்சிட்டு, இப்பத்தான் ஒரு கப்பு கிட்ட வந்திருக்கேன். அந்த நேரத்துல அந்த உண்மையைச் சொல்லணுமா?"

தியாகு எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான். "சாரி அண்ணை."

"நீ சாரி சொல்லாதே. நீ சாரி சொல்லச் சொல்ல எனக்குக் கேவலமா இருக்கு."

முடிவுக்கு வந்தார்கள். ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார் ரவிசங்கர். அடி வாங்கியவரே மன்னித்துவிட்டார், ரேடியேட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று கூடவே சேர்த்துக்கொண்டார். மூன்று ஆட்டத் தடை என்றாள் ஹெலேனா. கையுறையைக் கழற்றியது ஒரு ஆட்டம், குத்தியது ஒரு ஆட்டம், சொந்தத் தாயைப் பொய் சாட்சிக்குக் கூட்டி வந்தது ஒரு ஆட்டம்.

இரண்டு பேரும் நஸீஹாவைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு வார்த்தை போதும், அவன் ஞாயிற்றுக்கிழமை ஆடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தியாகுவே சந்தோஷப்படுவான். அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் நாற்காலியிலேயே தூங்கியவன் அவன். அவளால் ஆட முடியாமல் போன இறுதி ஆட்டத்தைத் தான் ஒருநாள் ஆடப்போவதாக அப்போது சொன்னான்.

போன வருஷம் இதே மேசையில் பஹ்ரைன் பையன் ஒருவன் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் ஒரு குத்துத்தான். அவனுக்கு அவள் கொடுத்தது இரண்டு.

"ரெண்டு ஆட்டம்," என்றாள் நஸீஹா. "இறுதி ஆட்டம் ஒண்ணு. அடுத்த சீசன் முதல் ஆட்டம் ஒண்ணு."

அஸ்கர் அலி எழுந்தான். ரவிசங்கருக்கும் ஹெலேனாவுக்கும் கை கொடுத்தான். மனைவிக்கும் கை கொடுத்தான்.

மூன்று பேரும் காரில் திரும்பினார்கள். அல் கைல் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பின் சீட்டில் சித்தி மரியம்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஏன்டா, இந்த வருஷத்தோட ஆட்டத்த விட்டுடுறேன்னு சொன்னியே. அடுத்த வருஷம் முதல் ஆட்டத்துக்குத் தடைன்னா, அடுத்த வருஷமும் நீ ஆடுவியா?"

அஸ்கர் அலி யோசித்தான். "ஆடலன்னா தடையை எப்படிக் கழிக்கிறது? அப்ப ஆடித்தான் ஆகணும்."

"அதுதான் உம்பொண்டாட்டி யோசிச்சுக் குடுத்திருக்கா."

நஸீஹா அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். அஸ்கர் அலியின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

"ஏன் மாமி," என்று கேட்டாள், "அங்க அப்படியே உடைச்சுச் சொல்லிட்டீங்களே. நான் எதிர்பார்க்கல."

"நான் சொல்லலன்னா நீ அவன விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்," என்றார் சித்தி மரியம். "விட்டியன்னா நாளைக்கு எந்தங்கச்சி என்ன சொல்லுவா? பொண்டாட்டி தயவுல தப்பிச்சான்னு சொல்லுவா. அது எம்மவனுக்கு மரியாதையா?"

வீட்டுக்கு வந்து மக்ரிப் தொழுகை முடித்து, ஆறிப்போன களறிக்கறியைச் சூடு பண்ணி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஆமிரா நடந்ததைக் கேட்டுவிட்டு, "வாப்பா, ஸோ யு காட் ரெண்டு மேட்ச் பிகாஸ் ஆஃப் உம்மம்மாவா?" என்றாள். "வாப்பும்மா," என்று திருத்தினார் சித்தி மரியம். வாப்பாவின் உம்மா வாப்பும்மா. அந்த வீட்டில் அது ஒன்றுதான் அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம்.

இரண்டாவது முறை சோறு வைக்கும்போது அஸ்கர் அலியின் போன் அடித்தது. எழுந்து பால்கனிக்குப் போனான். வந்தபோது நின்றுகொண்டே இருந்தான்.

"யூசுப்."

முகம்மது யூசுப்தான் அஸ்கர் அலியின் அணியில் கோல் காக்கும் கோலி.

"கம்பெனியில திடீர்னு கத்தார்ல ராஸ் லஃபானுக்கு அனுப்புறாங்களாம். பிளாண்ட்ல ஏதோ அவசர வேலை. நாளைக்குக் காலையில ஃபிளைட். ஒரு வாரம் ஆகும்கிறான்."

"அவசர கோலி யாரையாவது கேளுங்க," என்றாள் நஸீஹா. அணிக்குக் கோலி இல்லாமல் போனால் ஆட, லீகே ஆட்களைப் பெயர் பதிந்து வைத்திருந்தது.

"இருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தர் லீவுல கனடா போயிட்டார்."

"இன்னொருத்தர்?"

அஸ்கர் அலி அவளையே பார்த்தான். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், முழங்கால் தேறியிருந்த நேரம், யாரும் முன்வராததால், சும்மா இருக்கட்டும் என்று அவளே தன் பெயரைக் கொடுத்திருந்தாள்.

"கேப்டனைத் தடை பண்ணிட்டு, அதே டீம்ல நான் போய் நிக்கிறதா? நல்லா இருக்குமா?"

"நான் கேக்கவே இல்லையே," என்றான் அவன்.

நஸீஹா ரவிசங்கருக்குப் போன் போட்டாள். விதியில் ஒரு சந்தேகம் என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"மேடம், உங்க குடும்பம் எனக்கு இன்னைக்கு லீவே குடுக்காதுங்களா? இருங்க, ஹெலேனாவைக் கேட்டுச் சொல்றேன்."

அவள் கை கழுவிவிட்டு வந்தபோது ஹாலில் அஸ்கர் அலி தரையில் உட்கார்ந்திருந்தான். பரணில் கிடந்த பெரிய பை அவன் முன்னால் திறந்து கிடந்தது. கோலியின் தடுப்புப் பட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் சரின்னு சொல்லலையே," என்றாள்.

"தூசி இருந்துச்சு. துடைக்கிறேன்." அவன் நிமிரவில்லை. வார்ப்பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். "அந்தப் பய அன்னைக்குப் பார்த்த ஆட்டம், நானும் பார்த்தேன் நஸீ. சுவரைப் பிடிச்சிட்டு நின்னு பார்த்தேன்."

நஸீஹா அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது பட்டையை எடுத்தாள்.

சாப்பாட்டு மேசையில் அவள் போன் அடித்தது. எழுவதற்குள் சித்தி மரியம் எடுத்துவிட்டார்.

"ஹலோ, நான் அஸ்கருட உம்மா பேசுறேன். ஆமா தம்பி. ஆமா. அப்படியா. சரி தம்பி, சரி. அவ கிட்ட சொல்லிடுறேன். ரேடியேட்டரும் வரும், இன்ஷா அல்லாஹ்."

போனை வைத்துவிட்டு நெய்ச்சோற்றுச் சட்டியை மூடினார்.

"என்ன மாமி சொன்னாரு? ஆடலாமாமா?"

"ஆடலாமாம். ஆனா அந்த ஃபின்லாந்துக்காரி ஒரு நிபந்தனை போட்டிருக்காளாம். நான் சரின்னு சொல்லிட்டேன்."

"என்ன நிபந்தனை?"

சித்தி மரியம் சட்டி மேலேயே கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அது எனக்குச் சரியாப் புரியல புள்ள. ஆனா என் பேரும் அதுல ஈக்கிது."